கிழித்த காகிதத்தின் கீழ்ப்பாதி

எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் யாரும் கிடையாது. வீட்டுக்காரர் இருந்தபோது தபால்காரர் கொண்டுவந்ததெல்லாம் அவர் பெயருக்குத்தான். அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கான பிறகும் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. செத்தவருக்குத் தபால் வருகிறது, உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு கார்டு இல்லை. என்ன நியாயமோ! என் பெயரை உறைமேல் எழுதி ஒரே ஒரு கடிதம் வந்தது. அதையும் வாசற்படியில் நின்று நானே கிழித்துப் போட்டேன். மேலே நான்கு வரிதான் படித்திருந்தேன்.

அந்தக் கடிதத்தின் கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நான் மூன்று பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. போய் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அறுபதுகளில் நடந்தது. திருப்பூரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு பின்னல் மிஷின்கள் ஓடின. மிஷின் இரண்டு, அதை ஓட்ட ஓர் ஆள், தைத்து வரும் பனியனில் பிசிறு வெட்ட இரண்டு பெண்கள். இவ்வளவு இருந்தால் அதற்குக் ‘கம்பெனி’ என்று பெயர். எங்கள் தெருவில் அப்படிக் கம்பெனிகள் ஏழெட்டு இருந்தன. காலையில் கரண்ட் வந்ததும் தெருவே கடகடவென்று ஆரம்பிக்கும். பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு இன்றைக்கும் தொண்டை பெரிசு, அதனால்தான் கோபக்காரி என்று பெயர் வாங்கினேன். கோபமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் மூன்றே வாரத்தில் போனார். பிள்ளை குட்டி இல்லை. குன்னத்தூரிலிருந்து என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

“மிஷினை வித்துப்போட்டு நம்மூட்டுக்கு வந்துரு அம்மணி. உனக்குச் சோறு போடாம போயிருவனா?”

அண்ணன் தங்கமான மனிதர். சோறு போடுவார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன அத்தை இருந்தார், என்னைப்போலவே தாலி அறுத்தவர். விசேஷம் என்றால் அவர் கொல்லைப்புறம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். சீர்த்தட்டு எடுத்து வரும்போது யாராவது, “அத்தை, கொஞ்சம் உள்ள போயிருங்க” என்பார்கள். அவரும் போவார். வெங்காயத்தால் கண்ணில் தண்ணி வருகிறது என்று அவர் சொல்வதை நான் சிறுபிள்ளையில் நம்பியிருக்கிறேன். அந்த இடத்துக்கு இரண்டாவது ஆளாகப் போக எனக்கு மனசு வரவில்லை. முப்பத்து நாலு வயசு எனக்கு. “மிஷின் ஓடறவரைக்கும் இங்கயே இருக்கறனுங்கண்ணா” என்றேன்.

கருமாதி அன்றைக்குத் தெற்கேயிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். திண்டுக்கல்லையும் தாண்டி ஒரு சின்ன ஊரில் கடை. எங்களிடம் பனியன் எடுப்பவர். நல்ல கறுப்பு, நரைத்த மீசை, ஐம்பது வயசிருக்கும். கூடத்தில் கட்டி வைத்திருந்த பனியன் மூட்டைமேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது சொன்னார்.

“மிஷினை நிறுத்திராதீங்கம்மா. சத்தம் நின்னுச்சுன்னா வீடு ரொம்பப் பெருசாத் தெரியும். சரக்குப் போடுங்க, நான் எடுத்துக்கிறேன்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் நான் கம்பெனி நடத்தினேன். அவர் எடுத்தார், காசும் ஒழுங்காக அனுப்பினார். சாயங்காலம் மிஷின் நின்று, பிசிறு வெட்டுகிற பெண்கள் சேலையை உதறிக்கொண்டு போனதும், வீடு நிஜமாகவே பெரிசாகிவிடும். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான் சும்மா நடப்பேன். ஊரே பனியனை வெளுத்து வெள்ளையாக்கிச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வெள்ளைச் சேலை தண்டனையாக வந்திருந்தது. யாராவது வந்து ஒரு சண்டையாவது போட மாட்டார்களா என்று இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கோழி விஷயமாக நான் போட்ட சண்டைகளில் பாதி அதற்காகப் போட்டவைதான்.

அப்புறம் ஓர் ஆடி மாதக் கடைசியில், தீபாவளி வியாபாரத்துக்கென்று அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு நூறு டஜன் பனியன் கடனுக்கு அனுப்பினேன். அதுவரைக்கும் அவ்வளவு மொத்தமாக அனுப்பியதில்லை. எப்போது பணம் என்று பேசிக்கொள்ளவில்லை. “வித்துப்போட்டு அனுப்புங்க” என்று கார்டு போட்டேன், அவ்வளவுதான். லாரி ஆபீஸ் ரசீது வந்தது. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. பணம் வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்காரர் சாவுக்கு மூன்று பஸ் மாறி வந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது?

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நூல் கடன் கொடுத்தவருடைய கணக்குப்பிள்ளை வருஷா வருஷம் ஆயுதபூஜை கழிந்ததும் பொரிகடலைப் பொட்டலத்தோடு வருவார். நோட்டை விரித்து வைத்து, “பாக்கி சரிதானுங்களே அம்மணி? ஒரு கையெழுத்துப் போட்டுருங்க” என்பார். நானும் போடுவேன். எதற்கு என்று கேட்டதில்லை. என்னையும் ஒரு முதலாளியாக மதித்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அடிப் பைத்தியமே!

பங்குனியா சித்திரையா, வெயில் ஏறியிருந்த ஒரு நாள். சரக்கு போய் ஒன்றரை வருஷம் கழித்து. தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரை வெளி ஆள் சொல்லிக் கேட்டே எத்தனையோ காலம். ஓடிப்போய் வாங்கினேன். உறையின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழவுச் செய்தி வந்த காகிதத்தை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வெளியிலேயே படித்து, வெளியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போவோம். கொண்டுபோய் வைத்தால் அந்த வீட்டில் இன்னொரு எழவு விழும் என்பார்கள். அதனால் படியில் நின்றே பிரித்தேன். ஜவுளிக்கடைக்காரர் எழுதியிருந்தார். பக்கம் நிறைய எழுத்து. தம்முடைய சம்சாரம் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போன வெள்ளிக்கிழமை காலமானதாக முதல் நான்கு வரியில் இருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. கை தானாகக் கிழித்தது. நாலு துண்டு, எட்டுத் துண்டு. சாக்கடையில் போட்டேன். கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மேலே படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எழவுக் காகிதத்தில் எழவைத் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது?

உடனே கிளம்பிப்போய்த் துக்கம் கேட்டிருக்க வேண்டும். அதுதான் முறை. துணிப்பைகூட எடுத்து வைத்தேன். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நூறு டஜன் பாக்கி நிற்கும்போது நான் போய் வாசலில் நின்றால், துக்கம் கேட்க வந்தவள் என்றா நினைப்பார்கள்? எழவு வீட்டுக்குக் கடன் வசூலிக்க வந்துவிட்டாள் திருப்பூர்க்காரி என்றுதான் பேசுவார்கள். சரி, பணம் வந்து சேரட்டும், பிறகு போவோம் என்று பையை ஆணியில் மாட்டினேன். பணம் வரவில்லை. பிறகு பணம் கேட்கலாம் என்று நினைத்தால், துக்கமே கேட்காதவள் பணம் கேட்க எந்த முகத்தோடு போவாள்? இப்படியாகப் பணத்தால் துக்கம் கேட்கவில்லை, துக்கம் கேட்காததால் பணமும் கேட்கவில்லை. மரியாதை, மரியாதை என்று கட்டிக்கொண்டு அழுதே இன்னொரு ஒன்றரை வருஷம் போயிற்று. பதில் கடிதமும் போடவில்லை. அதற்கு மட்டும் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

ஆவணி மாதம் நூல்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பொரிகடலை கொடுத்தனுப்பிய அதே ஆள்தான். ஒரு மாதத்துக்குள் நூல் பாக்கியைக் கட்டாவிட்டால் கேஸ். கேஸ் என்றால் ஜப்தி. ஜப்தி என்றால் என் கூடத்தில் இருந்த இரண்டு மிஷினைத் தவிர எடுத்துப் போக வேறு என்ன இருக்கிறது? மிஷின் போனால் குன்னத்தூர். கொல்லைப்புறம். வெங்காயம்.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஒரு வயசான வக்கீல் இருந்தார். அவரிடம் நோட்டீஸைக் கொடுத்தேன். நூல் கணக்கில் நான் போட்ட கையெழுத்துகளைப் பற்றிக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

“உங்குளுக்கு யாராச்சும் தரோணுமுங்களா அம்மணி?”

லாரி ரசீதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“பணத்துக்குத் தவணை ஏதாச்சும் பேசியிருந்தீங்களா?”

“இல்லீங்க. வித்துப்போட்டு அனுப்புங்கன்னேன்.”

“தவணை பேசலைன்னா, சரக்குப் போய்ச் சேந்த நாள்ல இருந்து மூணு வருசமுங்க. அதுக்குள்ள கேஸ் போடோணும். அது முடிஞ்சு இன்னைக்கு ஒம்பது நாள் ஆச்சுங்களே!”

“ஒம்பது நாள்தானுங்களே? பழனி பஸ்ஸே கால் மணி நேரம் நின்னு ஆளை ஏத்தீட்டுப் போகுதுங்க. கோர்ட்டு ஒம்பது நாள் நிக்காதுங்களா?”

“நிக்காதுங்க. கடைசி நாள் கோர்ட்டு லீவா இருந்தா, தொறக்கற அன்னைக்கு வாங்கிக்குவாங்க. லீவும் இல்லீங்களே.”

“அப்ப அவரு எனக்குத் தரவேண்டியதில்லைன்னு ஆயிருச்சுங்களா?”

“தரோணுமுங்க. கடன் அப்படியேதான் இருக்குது. கோர்ட்டுல கேக்க முடியாது, அவ்வளவுதான்.”

ஒன்பது நாளைக்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஊத்துக்குளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காது குத்து. கூப்பிட்டார்களே என்று போயிருந்தேன். பின்வாசலில் உட்கார்ந்து, வேறென்ன, வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். என் மூன்று வருஷம் அந்தத் தோலோடு தோலாகப் போயிருக்கிறது.

வக்கீல் விடவில்லை. “நடுவுல அவரு ஏதாச்சும் எழுதிக் குடுத்தாருங்களா? ‘உங்குளுக்கு இவ்வளவு பாக்கி தரோணும்’னு ஒரு வரி, கீழ ஒரு கையெழுத்து. கார்டா இருந்தாலும் போதும். மூணு வருசம் முடியறதுக்குள்ள எழுதியிருந்தா, எழுதுன நாள்ல இருந்து புதுசா மூணு வருசமுங்க. உங்ககிட்ட நூல்காரரு வருசா வருசம் வாங்குனாருல்லீங்க, அதே சங்கதிதான்.”

பொரிகடலையின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

“காயிதம் ஒன்னு வந்துதுங்க.”

“எங்கீங்க?”

“கிழிச்சுப் போட்டனுங்க.”

“ஏனுங்கம்மணி?”

“எழவுக் காயிதமுங்க.”

வேறு ஊர்க்காரராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இவர் அவிநாசிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டிலும் அப்படித்தான் கிழிப்பார்கள். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“முழுசாப் படிச்சீங்களா?”

“மேல நாலு வரிதானுங்க. கீழ நெறைய எழுதியிருந்துது.”

“காயிதம் தொலைஞ்சு போச்சுன்னா, அதுல என்ன இருந்துதுன்னு சாட்சி வெச்சுப் பார்க்க ஒரு வழி இருக்குதுங்க. நீங்களே கிழிச்சதுன்னா கோர்ட்டு ஒத்துக்காது. அதுவும் என்ன எழுதியிருந்துதுன்னே உங்குளுக்குத் தெரியாது.”

நான் எழுந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது, கையும் இருந்தது. அந்தக் கைதான் கெடுத்தது. வக்கீல் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இன்னொரு வழி இருக்குது. காலம் தாண்டின கடனா இருந்தாலும், ‘நான் குடுக்கறேன்’னு அவரே புதுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அது செல்லுமுங்க. அதைக் காட்டி நூல்காரர்கிட்டயும் தவணை வாங்கிப்போடலாம். ஆனா தப்பிச்சுப்போன மனுசன் தானா வந்து கழுத்தை நீட்டுவானுங்களா? போனீங்கன்னா மூணு வருசம் முடிஞ்சு போச்சுங்கறதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிப்போடாதீங்க.”

புரட்டாசி பிறந்ததும் போனேன். தாராபுரம், திண்டுக்கல், அப்புறம் ஒரு டவுன் பஸ். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. வழி நெடுக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். நீ இப்படிச் சொன்னாயா, நான் அப்படிச் சொல்லுவேன். நூறு டஜனையும் விற்றுத் தின்றுவிட்டு ஒரு வரி போடக் கூடாதா? திண்டுக்கல் வருவதற்குள் அவரை நாலு தடவை கோர்ட்டு ஏற்றி இறக்கிவிட்டேன்.

கடையைப் பார்த்ததும் சண்டை எல்லாம் வற்றிப்போயிற்று. அலமாரியில் பாதித் தட்டு காலி. நாலைந்து வேட்டிக் கட்டும், கொஞ்சம் சீட்டித் துணியும், கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிப்போன என் பனியன் இரண்டு டஜனும் இருந்தன. பின்சுவரில் அந்த அம்மாளின் போட்டோ, பெரிய குங்குமப் பொட்டோடு. அவர் கல்லாவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் எழுந்தார்.

“வாங்கம்மா. வாங்க, வாங்க.” ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவும் இல்லை, அதற்குள் கேட்டார். “காகிதம் போட்டிருந்தேனே, கிடைச்சுச்சா?”

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. சத்தியமாக இல்லை. ஆமாங்க, கிடைத்தது, படித்தேன், வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை என்று அந்தப் போட்டோவுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

“வரலீங்களே” என்றேன்.

“வரலையா?”

“இல்லீங்க. எனக்குக் காயிதமெல்லாம் யாருமே போட மாட்டாங்க. வந்திருந்தா தெரியாம போகுமுங்களா?”

அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைக்கிற மாதிரி. “அடடா! தபால்ல போயிருச்சா? நான் ஒரு மடையன். என்னென்னமோ நினைச்சுப்புட்டேம்மா உங்களை. அவங்க வீட்டுக்கு நாம போனோமே, நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு வரலையே, ஒரு வரி எழுதலையேன்னு... மன்னிச்சுக்கோங்கம்மா.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடையிலிருந்து காபி வந்தது. சம்சாரம் எட்டு மாதம் படுத்தது, மதுரை ஆஸ்பத்திரி, நகை, கடை முதல், எல்லாம் அதற்கே போனது என்று சொன்னார். தன் கதையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அந்தத் துக்கத்துக்குள்ளேயும் அவருக்கு இருந்தது. எனக்கு அது தெரியும். அந்தப் பசி எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முறைப்படி அழுதேன். முறைக்காக ஆரம்பித்தது நிஜ அழுகையாகப் போயிற்று.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று வாயில் கொள்ளவில்லை. வக்கீல் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். “மூணு வருசம் முடிஞ்சு போச்சுங்க. கோர்ட்டுல நான் இனிக் கேக்க முடியாதுங்க. நீங்களா எழுதிக் குடுத்தாத்தானுங்க உண்டு. குடுக்கலைன்னா என்னோட மிஷின் போயிருமுங்க.”

அவர் சிரித்தார். “மூணு வருஷக் கணக்கு எனக்குத் தெரியாதாம்மா? இத்தனை வருஷம் கடை வச்சிருக்கேனே. அதனாலதானே அந்தக் காகிதத்துலேயே எழுதினேன். இவ போயிட்டா, கையில காசு எப்போ புரளும்னு தெரியலை, உங்களுக்கு நாள் தாண்டிரக் கூடாதேன்னு, இவ்வளவு ரூபா பாக்கி இருக்குன்னு தெளிவா எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். உங்க கையில அது ஒரு பிடிமானமா இருக்கட்டும்னு நினைச்சேன்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பெண்டாட்டியைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த வாரத்தில், என் கேஸ் நாள் தாண்டிவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் அதை எட்டுத் துண்டாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று பஸ்ஸில் வாய்க்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

“இருங்க, இப்பவே எழுதித் தாரேன்” என்று கல்லாப் பெட்டியைத் திறந்து தாள் எடுத்தார். முதல் கடிதம் எனக்கு வரவேயில்லை என்பதால், ஆரம்பத்திலிருந்தே எழுதினார். இன்ன மாதம், இன்ன வெள்ளிக்கிழமை, என் சம்சாரம் காலமானாள் என்று. நாளைச் சொன்ன விதம் தவிர, வார்த்தைக்கு வார்த்தை அதே நான்கு வரி. எனக்கு மனப்பாடமாக இருந்த அந்த நான்கு வரியை முதல் தடவையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே, நூறு டஜன் பனியனுக்கு இவ்வளவு தர வேண்டியது, மாதாமாதம் மணியார்டரில் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று எழுதி, தேதி போட்டார். பேனாவை எடுத்தவர் கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார்.

“முதல் காகிதத்துல இன்னொண்ணும் கேட்டிருந்தேன்.”

“என்னதுங்க?”

“சத்தம் நின்னா வீடு பெருசாத் தெரியும்னு அன்னிக்கு உங்ககிட்டே பெரிசாச் சொல்லிட்டு வந்தேன். என் வீட்டுக்குள்ள அது வந்தப்பதான் தெரிஞ்சுது. எனக்கு மிஷினும் இல்லையே. கடையை அடைச்சிட்டுப் போனா அந்தச் சாயங்காலத்தைத் தள்ள முடியலை. நீங்க எப்படித் தள்ளினீங்க, ஒரு வரி எழுதுங்கன்னு கேட்டிருந்தேன்.” அவர் தலையைக் குனிந்து கையெழுத்தைப் போட்டார். “இப்போ அது வேணாம்மா. பழகிப்போச்சு.”

மையை ஊதிக் காயவைத்து மடித்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏற்றிவிட்டார். ஜன்னல் ஓரம் நின்று, “இந்தத் தடவை காகிதம் தொலையாது. கையிலேயே குடுத்துட்டேன்ல!” என்று சொல்லி, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் எடுக்க இன்னும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

வக்கீல் அந்தக் காகிதத்தைக் காட்டி நூல்காரரிடம் தவணை வாங்கினார். முழுசாகத் தப்பவில்லை, ஒரு மிஷின் போயிற்று, ஒன்று நின்றது. ஒரு மிஷினுக்குச் சத்தம் பாதிதான், ஆனாலும் சத்தம் சத்தம்தான். குன்னத்தூர் போகாமல் அதை வைத்தே காலத்தை ஓட்டினேன். ஜவுளிக்கடைக்காரர் சொன்னபடி மாதாமாதம் மணியார்டர் அனுப்பினார். மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு சின்ன இடம் விட்டிருக்கும். தபால்காரர் கிழித்துக் கொடுத்ததும் ரூபாயை எண்ணுவதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்ப்பேன். ‘தவணை’ என்று ஒரு சொல் இருக்கும். வேறொன்றும் இருக்காது. கடைசி மாதம் ‘தீர்ந்தது’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு என் பெயருக்குத் தபால் இல்லை.

நான் கார்டு வாங்கி வைத்தேன். ஒன்றல்ல, பல. “முதல் காயிதம் வந்தது, நான்தான் கிழித்தேன்” என்று ஆரம்பிப்பேன். சாயங்காலத்தை எப்படித் தள்ளினேன் என்று அடுத்து எழுத வேண்டும். அதில் நின்றுபோகும். கூடத்தில் நடந்தேன், கோழிக்குச் சண்டை போட்டேன் என்றா எழுதுவது? அப்படியே எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

பணம் முழுக்க வந்த அன்றைக்கு வக்கீல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “இனி இது வேண்டியதில்லீங்கம்மணி. கிழிச்சுப் போட்டுருங்க” என்றார். வழக்கம்போல வாசற்படியில் நின்றேன். மேலே நான்கு வரி எழவு, கீழே கடன், அடியில் கையெழுத்து. முழுவதும் படித்தேன். மடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். தலைக்கும் ஊற்றிக்கொள்ளவில்லை.

அண்ணன் மகள் ஒரு தடவை பெட்டியை ஒழுங்கு செய்யும்போது அதைப் பார்த்துவிட்டுப் பதறினாள். “ஏனுங்கத்தை, எழவுக் காயிதத்தை ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்க? இன்னொரு எழவு விழுமுங்க!”

“விழட்டுமே கண்ணு” என்றேன். “இந்த ஊட்டுல சாகறதுக்கு என்னைய விட்டா வேற யாரு இருக்கறா?”